‘விதி’ன்னு சொல்லிட்டா பொறுப்பு முடிஞ்சுதா? பாண்டியன் அவையில கண்ணகி சொன்ன பதில்

[திரையில்: சாவு வீட்டு வாசல். சாமியானா பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள்.]

சாவு வீட்டுக்கு ஒரு பெரியவர் வருவார். அழுதுகிட்டிருக்கிறவர் பக்கத்துல உட்கார்ந்து, கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்வார்: “அவன் விதி அவ்வளவுதான்பா. நம்ம கையில என்ன இருக்கு?”

அந்த வார்த்தையை நான் குறைச்சுப் பேச மாட்டேன். “ஒரு மணி நேரம் முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பாரோ”ன்னு ராத்திரியெல்லாம் தன்னையே குத்திக்கிட்டிருக்கிற மனுஷனுக்கு அது மருந்து.

அதே வார்த்தையை, அந்தச் சாவுக்குக் காரணமான ஆளே வந்து சொன்னா?

இந்தக் கேள்விக்கு நம்மகிட்ட ரொம்பப் பழைய பதில் ஒண்ணு இருக்கு. பாண்டியன் அவையில, ஒத்தைச் சிலம்பைக் கையில வச்சுக்கிட்டு நின்ன ஒரு பொண்ணு சொன்ன பதில்.

[திரையில்: பதிகத்தின் வரிகள், ஒவ்வொன்றாக.]

சிலப்பதிகாரத்தோட பதிகத்தை, அதாவது முன்னுரைப் பாட்டை, நாமெல்லாம் மனப்பாடம் பண்ணியிருக்கோம். அரசாட்சியில தப்பு பண்ணினவங்களுக்கு அறமே எமனாகும். பத்தினியை உயர்ந்தவங்க போற்றுவாங்க. ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும். பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கிட்டோம். ஆனா முதலாவதும் மூணாவதும் ஒண்ணோட ஒண்ணு மோதுதேன்னு வகுப்புல யாரும் கேக்கல. எல்லாமே ஊழ்வினைன்னா ராஜா மேல என்ன தப்பு? நடக்க வேண்டியது நடந்துச்சு, அவ்வளவுதானே?

இளங்கோ இந்த முடிச்சை எங்க வைக்கிறார்னு பாருங்க. கொலைக்களக் காதை. ராணி ஊடல்ல இருக்கா. அவளைச் சமாதானப்படுத்த ராஜா போய்க்கிட்டிருக்கான். வழியில பொற்கொல்லன் வந்து கால்ல விழுந்து, “அரண்மனைச் சிலம்பைத் திருடினவன் என் குடிசையில இருக்கான்”னு சொல்றான். திருடினதே அந்தப் பொற்கொல்லன்தான்; குடிசையில இருந்தவன் கண்ணகியோட புருஷன் கோவலன். அந்த இடத்துல ரெண்டு வரி:

“வினைவிளை கால மாதலின் யாவதும்
சினையலர் வேம்பன் தேரா னாகி”

வேம்பன்னா வேப்பம்பூ மாலை போட்ட பாண்டியன். ‘வினைவிளை காலம்’னா பழைய வினை பழுத்து வர்ற நேரம். அது விதி. ‘தேரான் ஆகி’ன்னா கொஞ்சமும் விசாரிக்காம. அது அவன் செஞ்சது. ஒரே மூச்சுல ரெண்டையும் சொல்லிட்டுக் கவிஞர் அடுத்த வரிக்குப் போயிடறார். “சிலம்பு அவன் கையில இருந்தா, அவனைக் கொன்னு சிலம்பைக் கொண்டு வாங்க”ன்னு உத்தரவு போகுது. வெட்ட வந்த கூட்டத்துலயே ஒருத்தர், “இந்த ஆளைப் பாத்தா கொல்லப்பட வேண்டியவன் மாதிரி தெரியலையே”ன்னு சொல்றார். அந்த நேரத்துலகூடத் திரும்பியிருக்க வழி இருந்துச்சு.

இப்ப அவைக்கு வாங்க.

[திரையில்: சிவப்புப் பின்னணியில் ‘தேரா மன்னா’.]

கண்ணகி வாயைத் திறந்ததும் வர்ற முதல் வார்த்தை, “தேரா மன்னா!” கவிஞர் சொன்ன அந்த ரெண்டு வரியில ‘தேரான்’ங்கிற சொல்லை மட்டும் அவ கையில எடுக்கிறா. அப்ப அவளுக்கு விதியில நம்பிக்கை இல்லையா? இருக்கு. அடுத்து தன் புருஷனை அறிமுகப்படுத்தும்போது அவளே சொல்றா: வாழ்தல் வேண்டி, ‘ஊழ்வினை துரப்ப’, அதாவது விதி துரத்த, உன் ஊருக்கு வந்தான்.

இந்த இடத்துல நான் ஒவ்வொரு தடவையும் நின்னுடுவேன். பொழைக்கிறதுக்காக மதுரைக்கு வந்ததை அவ விதி கணக்குல எழுதறா. செத்ததை எழுதல. ‘நின்பால் கொலைக்களப் பட்ட கோவலன்’ங்கிறா. உன்கிட்டதான்யா கொலைப்பட்டான், அப்படிங்கிற தொனி. புருஷனை வெட்டிப் போட்ட துக்கத்துல நிக்கிற ஒரு பொண்ணு, எது ஊழ், எது உன் வேலைன்னு இவ்வளவு தெளிவாப் பிரிக்கிறா.

ராஜா முதல்ல சட்டம் பேசறான். கள்வனைக் கொல்றது கொடுங்கோல் இல்லைங்கிறான். அப்புறம் கோவலன்கிட்ட இருந்து எடுத்த சிலம்பைக் கண்ணகி உடைக்கிறா. ராணி சிலம்புல முத்து, கண்ணகி சிலம்புல மாணிக்கம். தெறிச்சது மாணிக்கம்.

அந்த நேரத்துல அவன்கிட்ட ரெண்டு சாக்கு தயாரா இருக்கு. பொற்கொல்லன் ஏமாத்திட்டான்னு சொல்லலாம், விதின்னும் சொல்லலாம். பொற்கொல்லன் பேச்சைக் கேட்டேன்னு அவனும் சொல்றான், ஆனா அதையும் தன் குத்தமாத்தான் சொல்றான். “யானோ அரசன் யானே கள்வன்”. பின்னாடியே, “என்முதல் பிழைத்தது”. என்கிட்ட இருந்துதான் தப்பு ஆரம்பிச்சுது. சொல்லிட்டு விழறான், உசுர் போயிடுது.

முற்பிறவிக் கதையும் காப்பியத்துல வருது. சிங்கபுரத்துல கோவலன் போன பிறவியில பரதன்னு இருந்தான். சங்கமன்ங்கிற வியாபாரியை ஒற்றன்னு பழி சொல்லிக் கொலைக்கு ஆளாக்கினான். சங்கமன் மனைவி நீலி விட்ட சாபம் இதுன்னு மதுராபதித் தெய்வம் கண்ணகிகிட்டச் சொல்லுது. எப்பச் சொல்லுது? வழக்கு முடிஞ்சு, ராஜா செத்து, மதுரை தீப்பிடிச்ச பிறகு. அதே தெய்வம் முன்னாடியே அவைக்கு வந்து இதைச் சொல்லியிருந்தா, வழக்கே நடந்திருக்காது.

[திரையில்: மூடி திறந்த செப்டிக் டேங்க்.]

இதை ஏன் இப்பப் பேசறேன்? மலக்குழிக்குள்ள இறங்கி விஷவாயு தாக்கிச் செத்தவங்க செய்தி நம்ம ஊர்ல இன்னும் நிக்கல. பாதுகாப்புக் கருவி இல்லாம ஆளை உள்ள இறக்கறது 2013 சட்டப்படி குற்றம். செத்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்கணும்னு 2023-ல உச்ச நீதிமன்றமே சொல்லிருக்கு. அதுக்கப்புறமும் “அவங்க நேரம் சரியில்ல”ன்னு ஒருத்தர் சொன்னா, அது ஆறுதல் இல்ல, சாக்கு. அங்க கேக்க வேண்டியதெல்லாம் ‘தேரா மன்னா’ வகைக் கேள்விகள். காத்து பரிசோதிச்சீங்களா? முகமூடி குடுத்தீங்களா? மெஷின் இருக்கும்போது மனுஷனை ஏன் இறக்கினீங்க?

“தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன்
மெய்வருத்தக் கூலி தரும்”

இந்தக் குறளை, முயற்சி கடவுளையே ஜெயிக்கும்னு பல பேர் சொல்றாங்க. குறள் அப்படிச் சொல்லல. நினைச்சது கிடைக்காமப் போகலாம், உடம்பு வருந்தின அளவுக்குக் கூலி வரும்ங்கிறார் வள்ளுவர். விளைச்சல் இல்லைன்னாலும் களை பறிச்சவங்களுக்குக் கூலி உண்டு இல்லையா, அந்த மாதிரி. என் கண்ணு அந்தக் ‘கூலி’யிலதான் நிக்குது. கூலின்னா, கொடுக்க வேண்டிய ஒரு கையும் எதிர்ல இருக்கு.

[திரையில்: காவிரிப்பூம்பட்டினக் கடற்கரை. பின்னணி இசை நிற்கிறது.]

இன்னும் ஒரே ஒரு ஆளைப் பத்திச் சொல்லணும். கண்ணகியோட அப்பா, மாநாய்கன். கப்பல் வியாபாரி. செய்தி கேட்டதும் சொத்தையெல்லாம் தானம் பண்ணிட்டு அவர் போய் நின்னது ஆசீவகத் துறவிகள் முன்னாடி.

ஆசீவகம், புத்தர் காலத்துல மற்கலி கோசாலர் வளர்த்த நெறி. அவங்க நூல்கள் நமக்குக் கிடைக்கல. எதிர்த்து எழுதின பௌத்தரும் சமணரும் சொன்னதை வச்சுத்தான் பெரும்பாலும் தெரியுது. மனுஷ முயற்சியால ஒண்ணும் மாறாது, எல்லாம் நியதி. ஒரு நூல் உருண்டையை உருட்டி விட்டா அது பிரிஞ்சுக்கிட்டே போய் நூல் தீர்ந்ததும் நிக்கும், உயிரும் அப்படித்தான்னு அவங்க சொன்னதா பௌத்த நூல் சொல்லுது.

பொண்ணு அரண்மனையில போய் நியாயம் கேட்டா. அப்பா, யார் மேலயும் தப்பு இல்லைன்னு சொல்றவங்ககிட்டப் போய் உட்கார்ந்தார். அம்மா கொஞ்ச நாள்ல உயிரை விட்டுட்டாங்க. இளங்கோ மூணு பேரையும் பாடறார். அந்த அப்பாவைப் பத்தி ஒரு குறைச் சொல்கூட இல்ல.