அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சமைக்கவில்லை

(தூத்துக்குடியில் ஒரு வாசகர் வட்டத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். குடும்பத்தோடும் நண்பர்களோடும் கழித்த மறக்க முடியாத விடுமுறை நாளைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். குற்றாலத்தில் குளித்தது, கொடைக்கானல் போனது என்று எனக்கும் ரெண்டு மூணு உண்டு. ஆனால் உட்கார்ந்து யோசித்தால், எங்கேயும் போகாமல் வீட்டுக் கொல்லையிலேயே கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் முன்னால் வந்து நிற்கிறது.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் உழைக்கிறவனுக்கு ஞாயிறு விடுமுறை சும்மா கிடைத்துவிடவில்லை. 1908 பிப்ரவரி 27 அன்று இங்கே வெள்ளைக்காரன் நடத்திய கோரல் நூல் மில்லின் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலியை உயர்த்து, வேலை நேரத்தைக் குறை, வாரத்தில் ஒரு நாள் லீவு கொடு என்று கேட்டார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூடவே நின்றார்கள். வக்கீல் தொழில் பார்த்தவர், வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் விட்டவர், அன்றைக்குக் கூலிக்காரனின் ஓய்வுக்காகப் பேசினார். ஒரு வாரத்துக்கு மேல் மில் ஓடவில்லை. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி கூடியது, ஞாயிறு லீவும் கிடைத்தது.

அடுத்த சில நாளில், மார்ச் 12 அன்று, வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். அந்தச் செய்தி கேட்டதும் அதே தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். இந்த முறை தங்களுக்காக எதுவும் கேட்கவில்லை, அவருக்காக வந்தார்கள். இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். மும்பை ஆலைத் தொழிலாளர்களுக்கு லோகண்டே என்ற தொழிற்சங்கத் தலைவர் போராடி 1890-இல் ஞாயிறு விடுமுறை வாங்கிக் கொடுத்தார். அதையும் நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் நம் ஊர்க் கதையை நம் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும், இல்லையா?

என் அப்பா ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தார். மற்ற ஆறு நாளும் அவர் வீட்டுக்கு வரும்போது தலை, புருவம், காது மடல் எல்லாம் பஞ்சாக இருக்கும். தலையில் பஞ்சு இல்லாத அப்பாவை ஞாயிற்றுக்கிழமைதான் பார்ப்போம். அன்றைக்கு மில் சங்கு ஊதாது. அவர் முகச்சவரம் செய்வார், சைக்கிளைத் துடைப்பார், என்னை முன்னால் உட்கார வைத்துக் கறிக்கடைக்குக் கூட்டிப் போவார். திரும்பி வந்து கறியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலில் பேப்பரை விரித்தால், அத்தோடு அவர் வேலை முடிந்தது.

அம்மாவுக்கு அப்போதுதான் வேலை ஆரம்பிக்கும். கறி அலசி, மசாலா அரைத்து, அஞ்சு பேருக்கு எண்ணெய்த் துணி துவைத்து, அப்பாவின் நண்பர்கள் வந்தால் அவர்களுக்கும் சேர்த்து உலை வைத்து, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் மிச்சம் இருப்பதைப் பிசைந்து அவர் உட்காரும்போது மணி மூன்றரை ஆகியிருக்கும். வ.உ.சி. வாங்கிக் கொடுத்த லீவு எங்கள் வீட்டு வாசல் வரைக்கும்தான் வந்தது. அடுப்படிக்குள் வரவில்லை. அப்பா நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார். அவருக்கும் அது கண்ணில் படவில்லை. எங்களுக்கும் படவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு மாமா இருந்தார். கடல் தொழில். இந்தக் கரையில் அவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் பூசைக்குப் போய்விட்டு வந்தால், கிழிந்த வலையைக்கூட அன்றைக்குத் தொட மாட்டார். கடலில் ஆம்பளைகளே ஆக்கித் தின்பதால் அவருக்குச் சமையல் கை வந்தது. 1979, எனக்குப் பத்து வயது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கையில் ஒரு சீலா மீனோடு வந்து, "அண்ணாச்சி, இதை ஐஸ் போட்டு வைக்கேன். நாளைக்கு உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் சேர்த்து நான் ஆக்குதேன். நீங்க மசாலா அரைக்கணும். மதினி எந்திரிக்கக் கூடாது" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டார்.

மறுநாள் கொல்லையில் மூன்று கல் கூட்டி அடுப்பு. அத்தையும் அம்மாவும் திண்ணையில். மாமா மீன் நறுக்க, அப்பா அம்மி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வத்தல் மிளகாயை இழுத்துக்கொண்டிருந்தார். சேர்ந்து சாப்பிட வந்த அப்பாவின் மில் சிநேகிதர் ஒருவருக்குத் தேங்காய் துருவுகிற வேலை. நாங்கள் பிள்ளைகள் சுள்ளி பொறுக்கினோம்.

நான் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முந்தானையை மடித்தார், பிரித்தார். யாரும் கேட்காமலே சுளகை எடுத்து, நேற்றே கல் பொறுக்கிய அரிசியை மறுபடியும் புடைக்கப் போனார். அத்தை சுளகைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் பேச்சுச் சத்தம் நின்றுபோனது. போய்ப் பார்த்தால், அம்மா தூணில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. காலை மணி பத்தரைகூட இல்லை.

பகலில் அம்மா தூங்கி நாங்கள் பார்த்ததே கிடையாது. பயந்துபோய் அப்பாவைக் கூப்பிட்டேன். மசாலாக் கையோடு வந்து நின்றார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். "சத்தம் போடாதீங்கல, தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மிக்கே திரும்பிப் போனார். அன்றைக்கு முதல் தட்டு அம்மாவுக்கும் அத்தைக்கும். மாங்காய் போட்ட குழம்பு, சூடான சோறு. அம்மா சூடாகச் சாப்பிட்டார் என்பதே எங்கள் வீட்டில் புதுச் செய்தி.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அப்படியே மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். மாதத்தில் ஒரு தடவை நடந்தது. அம்மி கழுவுவது மட்டும் நிரந்தரமாக அப்பா வேலை ஆயிற்று.

இன்றைக்கு இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிற பெண்களில் எத்தனை பேர் ராத்திரிக்கு மாவு கரைத்து வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஜவுளிக்கடையில் நிற்கிற பிள்ளைகளுக்கு நம்முடைய ஞாயிறுதான் அதிக வேலை உள்ள நாள். அவர்கள் உட்கார ஒரு நாற்காலி போட வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். வாரத்தில் ஒரு நாள் அவர்களுக்கும் லீவு உண்டு. ஆனால் அது செவ்வாயோ புதனோ. புருஷன் வேலையில், பிள்ளை பள்ளிக்கூடத்தில். ஒரு வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அப்பா இல்லை, மாமாவும் இல்லை. அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு. நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துவிடுகிறது. இங்கே பேசப் போகிறேன் என்று காலையில் சொன்னேன். எதைப் பற்றி என்றார். அந்த மீன் குழம்பைப் பற்றி என்றேன். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பா அரைச்ச மிளகா சரியா மசியல" என்றார். "நான் சொல்லிக்கிடல."