வீடா, வழியா? வழியே!

நடுவர் அவர்களே, எதிரணியில் ஆளுக்கு ஒரு பால்கனியோடு வந்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, பொங்கல் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

சென்னைக்குப் புதிதாகக் குடிவரும் குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது வீட்டின் வசதியா, போய்வரும் வழியா? இதுதான் தலைப்பு. நான் வழியின் பக்கம். அதுவும் சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தையும் தாண்டி இருக்கும் இந்தக் கூடுவாஞ்சேரியில், குடியிருப்போர் நலச் சங்க மேடையில் நின்றுகொண்டு வழியின் பக்கம் பேசுகிறேன். தைரியத்துக்காகவாவது ஒரு மார்க் போடுங்கள்.

எதிரணித் தலைவர் அண்ணன் அழகாகப் பேசினார். “மேற்கு மாம்பலத்தில் குடியிருப்பதை விட மாதம் 8,000 ரூபாய் குறைவாகக் கொடுத்தால் இங்கே அதைவிடப் பெரிய வீடு. காற்று வரும், கார் நிறுத்த இடம் இருக்கும், பிள்ளைக்குத் தனி ரூம். பயணமா? ரெண்டு வாரத்தில் பழகிவிடும்” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். 8,000 மிச்சம் என்றால் யார் தட்ட மாட்டார்கள்?

சரி, அண்ணன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கணவனுக்குக் கிண்டியில் வேலை, மனைவிக்குத் தரமணியில் வேலை. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு வண்டி, வண்டியை நிறுத்திவிட்டு ரயிலுக்குக் காத்திருப்பது, இறங்கி பஸ் அல்லது ஷேர் ஆட்டோ. எல்லாம் சேர்த்து ஒரு பக்கம் ஒன்றரை மணி நேரம், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். ஊருக்குள் இருந்தாலும் போய்வர ஒரு மணி நேரம் போகத்தான் போகும். நியாயமாக அதைக் கழித்துவிடுகிறேன். கூடுதல் இரண்டு மணி நேரம். மாதம் 24 வேலை நாள் என்றால் ஆளுக்கு 48 மணி, இரண்டு பேருக்கு 96 மணி. 8,000 ரூபாயை 96 ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 83 ரூபாய். பெட்ரோல், ஸ்டேஷனில் வண்டி நிறுத்தும் காசு, மழை பெய்தால் கூப்பிடும் டாக்ஸி, எதையும் இன்னும் கழிக்கவில்லை. அண்ணன் தன் சாயங்காலத்தையும் அண்ணியின் சாயங்காலத்தையும் மணிக்கு 83 ரூபாய்க்கு விற்றுவிட்டு, மிச்சம் பிடித்தேன் என்கிறார்!

விற்ற நேரமும் இரண்டு பேருக்கும் ஒன்றா? அவர் ஏழரைக்குக் கிளம்ப வேண்டுமென்றால் ஆறரைக்கு எழுந்தால் போதும். அவர் மனைவி ஏழரைக்குக் கிளம்ப வேண்டுமென்றால் நாலரைக்கு எழ வேண்டும். இட்லி ஊற்றி, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளையை ஆறே முக்கால் ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, பால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரத் தலையோடு ஓட வேண்டும். சாயங்காலம் வந்து குக்கர் வைக்கும்போது எட்டு மணி. அந்தக் காற்றோட்டமான பால்கனியில் யார் உட்காருகிறார்கள் தெரியுமா? நேற்றுத் துவைத்த துணிதான்.

பஸ் வரும் ரோட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு என்றால் அந்த அம்மாவுக்கு இன்னொரு லாபமும் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. ஆனால் பஸ் வராத நகரில் வீடு எடுத்தவருக்கு இலவச பஸ்ஸால் என்ன பிரயோசனம்? அந்த பஸ்ஸைப் பிடிக்கவே ஆட்டோவுக்குக் காசு கொடுக்க வேண்டும்.

இப்படி ஏன் மாட்டிக்கொள்கிறோம்? நாம் வீடு பார்க்கப் போவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. ரோடு காலி. புரோக்கர் பைக்கில் முன்னால் போவார், நாம் பின்னாலேயே போவோம். உள்ளே நுழைந்ததும் அம்மா சமையலறைக் குழாயைத் திருகிப் பார்ப்பார். அப்பா சுவரில் ஓதம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். மாமா மொபைலில் திசைகாட்டியைத் திறந்துவைத்து வாசல் கிழக்கா வடக்கா என்று சுற்றிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் யாருக்கு எந்த ரூம் என்று சண்டையை ஆரம்பித்திருக்கும். “தண்ணி எப்படிங்க?” “போர் இருக்கு, சம்ப் இருக்கு, கோடையில சொன்னா லாரி வந்துடும்.” எல்லாம் கேட்டாயிற்று. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு இங்கிருந்து கிண்டிக்கு எப்படிப் போவது என்று ஒருத்தர் கேட்டிருக்க மாட்டார். கேட்டாலும் பதில் தயார்: “ஸ்டேஷன் பக்கம்தாங்க, அஞ்சு நிமிஷம்.” அந்த அஞ்சு நிமிஷத்தை அவர் ராத்திரி இரண்டு மணிக்கு அளந்தாரா, ஊரடங்கில் அளந்தாரா, தெரியாது.

எதிரணியினர் இன்னொரு தந்திரமும் செய்கிறார்கள். வழி என்றால் ஊருக்குள் இருப்பது, வீடு என்றால் புறநகரில் இருப்பது என்று சத்தமில்லாமல் கோடு கிழித்துவிட்டார்கள். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் வீடு, நுங்கம்பாக்கத்தில் வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள் என்பேன். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931-லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த ஊர்கள். அன்றைக்கு மனிதர்கள் ஸ்டேஷனைப் பார்த்து வீடு கட்டினார்கள். இன்றைக்கு வீட்டைக் கட்டிவிட்டு ஸ்டேஷன் எப்போது வரும் என்று மனு கொடுக்கிறோம். கூடுவாஞ்சேரியிலும் ஸ்டேஷனைச் சுற்றி இருப்பவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ ஏறி, இறங்கி, தெருவிளக்கு இல்லாத இரண்டு மனைப்பிரிவைத் தாண்டிப் போகிறவர்களுக்காகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு நேர்மாறு ஒன்று சொல்கிறேன். மேடவாக்கத்தில் வீடு, பழைய மகாபலிபுரம் ரோட்டில் வேலை. மேப்பில் பார்த்தால் விரல் நுனி அளவு தூரம். ஆனால் ரயில் கிடையாது. ஒன்று, பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகும் ரோடு. இல்லையென்றால் பள்ளிக்கரணை சுற்றிக்கொண்டு துரைப்பாக்கம் ரேடியல் ரோடு. நடுவில் சதுப்புநிலம். உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த நிலம். அதன்மேல் இன்னொரு ரோடு போடச் சொல்லி யாரும் கேட்கவும் கூடாது. ஆக, வேலைக்குப் போகிற கூட்டம் முழுக்க இந்த இரண்டு ரோட்டிலேயே நெருக்கியடிக்க வேண்டும். கிலோமீட்டர் குறைவு என்பதற்காக நிம்மதி கூடிவிடாது. எத்தனை விதமாகப் போகலாம் என்பதுதான் கேள்வி. பரங்கிமலையில் மின்சார ரயிலும் உண்டு, மெட்ரோவும் உண்டு, பஸ்ஸும் உண்டு. ஒன்று நின்றால் இன்னொன்று. நான் தேடச் சொல்வது அதைத்தான்.

நம் நடுவர் ஐயாவையே பாருங்கள். பெருங்களத்தூரில் மாட்டிக்கொண்டு, ஆறு மணிக் கூட்டம் ஆறே முக்காலுக்கு ஆரம்பித்தது. நான் குறை சொல்லவில்லை. எங்கள் அணியின் முதல் பேச்சை அவர்தான் பேசியிருக்கிறார்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், “மெட்ரோ வரப்போகிறது, எல்லாம் சரியாகிவிடும்” என்றார். வரட்டும். 2015-ல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் மெட்ரோ ஓட ஆரம்பித்ததிலிருந்து நான் அதன் ரசிகன். இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். சிறுசேரி வரை ஒன்று, பூந்தமல்லி வரை ஒன்று, சோழிங்கநல்லூர் வரை ஒன்று. முழுக்க ஓடும் நாளில் ஊரே மாறிவிடும். ஆனால் அதுவரை? ரோட்டின் நடுவில் தடுப்பு, தடுப்புக்கு இந்தப் பக்கம் நாம்.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு, தூண்கள்மேல் ஓடும் அந்தப் பறக்கும் ரயிலை நீட்டும் வேலை ஞாபகம் இருக்கிறதா? மொத்தமே ஐந்து கிலோமீட்டர். 2008-ல் வேலை தொடங்கியது. ஆதம்பாக்கம் பக்கம் அரைக் கிலோமீட்டர் நிலம் எடுக்க முடியாமல் நின்றது. 15 ஆண்டு கழித்து 2023-லும் அதில் ரயில் ஓடவில்லை. ‘ரயில் வருது’ என்று நம்பிப் புழுதிவாக்கத்தில் ஒருவர் 2008-ல் வீடு வாங்கியிருந்தால், அன்றைக்கு எல்.கே.ஜி. போன அவர் பிள்ளை ரயிலுக்கு முன்னால் காலேஜுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இன்றைக்கு ஓடும் ரயிலுக்கு வாடகை கொடுக்கலாம். நாளைக்கு ஓடப்போகும் ரயிலுக்கு இன்றே வாடகை கொடுப்பது தர்மம் செய்கிற மாதிரி.

அப்புறம் மழை. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை. முதல் மாடியில் அருமையான வீடு. உள்ளே ஒரு சொட்டு நனையவில்லை. ஆனால் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பால் வாங்கப் படகு. மூன்று பெட்ரூம் இருந்து என்ன செய்வது? அண்ணன் பெருமையாகச் சொன்னாரே, கார் நிறுத்த இடம்! 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்த அன்று வேளச்சேரி மேம்பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாகக் கார். வீட்டோடு பார்க்கிங் வாங்கியவர்களும் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஊருக்குள் மட்டும் என்ன வாழ்கிறது என்று அண்ணன் சிரிக்கிறார். உண்மைதான், தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதையும் மூழ்கத்தான் செய்கிறது. அதனால்தான் வாடகை பேசுவதற்கு முன்னால் தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, “போன மழைக்குத் தண்ணி எது வரைக்கும் நின்னுச்சு?” என்று கேளுங்கள் என்கிறேன். கடைக்காரர் சுவரில் கறையைக் கைகாட்டுவார். புரோக்கர் காட்ட மாட்டார்.

“வழியும்தான் மாறுகிறது, அதை நம்பி எப்படி?” என்று கேட்டார்கள். நல்ல கேள்வி, அவர்கள் பேசியதிலேயே இதுதான் நல்ல கேள்வி. வெள்ளிக்கிழமை ராத்திரி மதுரை பஸ் பிடிக்க வசதியாக இருக்கும் என்று கோயம்பேட்டுக்குப் பக்கம் வடபழனியில் வீடு எடுத்தவர்கள் உண்டு. 2023 டிசம்பர் 30-ம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. தென்மாவட்ட பஸ்கள் இங்கே வந்துவிட்டன. ஊரப்பாக்கத்துக்காரருக்குக் கொண்டாட்டம், வடபழனிக்காரருக்குத் திண்டாட்டம். ஆபீஸும் அப்படித்தான். தரமணியில் சேர்ந்தவரை அடுத்த வருஷம் போரூருக்கு மாற்றுவார்கள். வீட்டிலிருந்தே வேலை என்று நம்பி கொரோனா சமயத்தில் தூரத்தில் வாங்கியவர்களை ஆபீஸ் திரும்பக் கூப்பிட்டது.

அதனால்தான் புதிதாக வருகிறவர் வழியைப் பிடித்துக்கொண்டு வாடகைக்கு உட்கார வேண்டும். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் போடாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. நடைமுறையில் பேரம் பேசித்தான் ஆக வேண்டும், அது வேறு கதை. ஆனாலும் வழி மாறினால் மூட்டை கட்டலாம். வசதியைப் பார்த்து அவசரமாக வாங்கிய வீட்டை விற்கப் போங்கள். முத்திரைத் தீர்வையும் அதோடு சேர்ந்த வரியும் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வாங்க வருகிறவர் இந்த ஒன்பதையும் உங்கள் விலையில்தான் குறைக்கப் பார்ப்பார். வீட்டைக் கட்டிப் பார் என்று பெரியவர்கள் சொன்னது நிஜம். அவர்களுக்கு வயல் கொல்லைப்புறத்தில் இருந்தது, கடை திண்ணையில் இருந்தது. நம் ஊர் வழியாகத் தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறி வேலைக்குப் போகச் சொல்லி அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

வீட்டுக் குறையை ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம் நடுவர் அவர்களே. வெளிச்சம் குறைவா, ஒரு விளக்கு. இடம் குறைவா, பரண்மேல் ஏற்று. ஓதம் என்றால் வீட்டுக்காரரோடு சண்டை போட்டு வெள்ளையடிக்க வைக்கலாம். வண்டலூர் சிக்னலோடு யார் சண்டை போடுவது? ஒரு வேலைநாள் லீவு போட்டு, திங்கட்கிழமை காலையில் அந்த வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல் வரை ஒரு முறை போய்ப் பாருங்கள். சாயங்காலம் அதே வழியில் திரும்பி வாருங்கள். அதற்கப்புறமும் அந்த வீடு பிடித்திருந்தால் அட்வான்ஸ் கொடுங்கள், நானே வந்து பால் காய்ச்சுகிறேன்.

எனக்குப் பின்னால் எதிரணியில் பேசவரும் தங்கை அம்பத்தூரிலிருந்து வந்திருப்பதாக அறிமுகத்தில் சொன்னார்கள். கூட்டம் முடிய எப்படியும் ஒன்பதரை ஆகும். இங்கிருந்து வீட்டுக்குப் போக என்ன ஏற்பாடு செய்துவிட்டு வந்தார் என்பதை மட்டும் அவர் தன் பேச்சில் சொல்லட்டும். மணி அடித்துவிட்டார்கள். நன்றி, வணக்கம்.