ரெண்டு முழம் மண் கொடுங்கள், நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடிந்து வந்து அமர்ந்திருக்கும் எங்கள் பகுதிச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'நடைபாதையைப் பிளந்து வளரும் மரங்கள் சென்னைக்கு இடையூறா, அடைக்கலமா?' அடைக்கலமே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "வேர் தூக்கிய கல்லில் தடுக்கி உங்க அம்மா விழுந்திருந்தால் இப்படிப் பேசுவீங்களா?"

விழுந்திருக்கிறார், நடுவர் அவர்களே. ரெண்டு வருஷத்துக்கு முன்னால், மேற்கு மாம்பலத்தில், எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வாசலில். புங்கமரத்தடியில் பேவர் பிளாக் ஒன்று நெட்டுக்குத்தாக நின்றது. காய்கறிப் பையோடு வந்த அம்மா இடறி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு. தன் தலையைத் தானே வாரிக்கொள்ள முடியாமல் என்னைக் கூப்பிட்ட அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த வலி தெரிந்துதான் மரத்தின் பக்கம் நிற்கிறேன்.

கட்டுப் பிரித்த மறுவாரம் தெருவில் கூடிப் பேசினோம். மரத்தை எடுக்கச் சொல்லி மனுப் போடலாம் என்றார்கள் சிலர். "மொதல்ல கல்லப் பேத்துப் பாக்கலாம், அப்பால மனு எழுதலாம்" என்றார் இஸ்திரி வண்டி அண்ணன். வார்டு ஆபீசில் சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரை எடுத்தோம்.

மேலே பேவர் பிளாக். அதை எடுத்தால் சிமென்ட் தளம். அதற்கும் கீழே பழைய கான்கிரீட் ஸ்லாப். ஒவ்வொரு முறையும் பழசைப் பெயர்க்காமல் அதன் தலையிலேயே புதுசைப் போட்டிருக்கிறார்கள். மூன்றையும் பெயர்த்த பிறகுதான் வேர் தெரிந்தது. வேர் என்றால் உருண்டு திரண்டு இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது பலகை மாதிரி தட்டையாகக் கிடந்தது. ஸ்லாப்பின் விளிம்பு அதன்மேல் அச்சாகப் பதிந்திருந்தது. ரெண்டு கல்லுக்கு நடுவில் இருந்த சந்தில் மட்டும் வரப்புப் போல மேடு கட்டியிருந்தது. கன்றாக இருந்தபோது வைத்த கம்பிக்கூண்டின் துருக்கம்பி ஒன்று அடிமரத்துப் பட்டைக்குள் புதைந்திருந்தது. வாசலில் நின்று பார்த்த அம்மா சொன்னார்: "அய்யோ, இதுக்கும்ல கட்டுப் போட்டு வச்சிருக்காங்க!"

வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, நடுவர் அவர்களே, மூச்சுவிடக் காற்றும் வேண்டும். இடித்து இறுக்கிய மண்ணுக்குள் காற்று இறங்காது. ஆழத்துக்குப் போக வழியில்லாத வேர் மேல்பக்கமாகப் படர்கிறது. கல்லுக்கு அடியில்தான் துளி ஈரமும் துளி இடமும் இருக்கின்றன. அங்கே நூலாக நுழைகிறது, வருஷா வருஷம் பருக்கிறது, கல் எழும்புகிறது. மூச்சு முட்டுகிற உயிர் செய்கிற காரியம் அது. அதற்கு இடையூறு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் வர்தா புயலைச் சொன்னார். 2016 டிசம்பர் 12. யாருக்கு மறக்கும்? ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன. மறுநாள் ஊரே பச்சிலை வாடையடித்தது. 2022 ஜூனில் கே.கே.நகரில் கார்மேல் மரம் விழுந்து ஒரு பெண்மணி உயிரிழந்ததையும் சொன்னார். ஒரு குடும்பத்தின் அந்த இழப்பை என் வாதத்துக்காக நான் சிறிதாக்க மாட்டேன். அதனால்தான் கேட்கிறேன்: மரம் எப்போது விழும்? கேபிளுக்கும் குழாய்க்கும் பள்ளம் எடுக்கிற ஜேசிபி ஒரு பக்கத்து வேரை அறுத்துவிட்டுப் போனால், அந்த மரம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறது. அடுத்த காற்றுக்கு அது எப்படித் தாங்கும்?

அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரம் எல்லோரும் அறிந்தது. 1989 புயலில் அதன் தாய்மரம் சாய்ந்தது. ஆனால் விழுதுகள் இறங்கி ஊன்ற அங்கே மண் இருந்தது. இன்றைக்கும் ஆலமரம் இருக்கிறது. நம் நடைபாதை ஆலமரத்தின் விழுது தலைக்கு மேல் தொங்கும்போதே கத்தரித்துவிடுகிறோம். ஊன்றுகோலைப் பிடுங்கிவிட்டு, சாய்கிறது என்று குற்றம் சொல்லலாமா?

வீட்டுச் சுவர் இடுக்கில், பறவை எச்சத்தில் முளைக்கும் அரசங்கன்றையும் காப்பாற்றச் சொல்கிறேனா? இல்லை. சுவர் தாங்காது. பிஞ்சிலேயே எடுத்து நல்ல மண்ணில் நடுங்கள்.

சக்கர நாற்காலி போக வழியில்லை என்றார்கள். நியாயமான பேச்சு. ஆனால் எங்கள் தெருவை அளந்து பார்த்தேன். மரம் எடுத்துக்கொண்டது ரெண்டு முழம். மீதி நடைபாதையை எடுத்துக்கொண்டவை நிறுத்தி வைத்த பைக்கும் கடைப் பலகையும்தான்.

வெயிலைச் சொல்லாமல் சென்னையில் மரத்தைப் பற்றிப் பேச முடியாது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. அப்படி ஒரு கத்திரி வெயிலில், மரமில்லாத பஸ் ஸ்டாப்பைப் பார்த்திருப்பீர்கள். விளக்குக் கம்பத்தின் நிழல், ஒரு சாண் அகலம். அதற்குள் ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் நிற்பார்கள். எங்கள் இஸ்திரி அண்ணன் கரிப்பெட்டியின் சூட்டோடு நாள் முழுக்க நிற்கிறவர். புங்கமரம் இல்லையென்றால் அந்தத் தொழிலே இல்லை. புரசு மரத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் புரசைவாக்கமும், கபாலீசுவரர் கோயில் புன்னையைத் தலமரமாகக் கும்பிடும் மயிலாப்பூரும் உள்ள ஊர் இது. இங்கே மரம் வேண்டுமா என்று வாதாட வேண்டியிருப்பதே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நாங்கள் கேட்பது பெரிய காரியமில்லை. 2013இல் டெல்லி மரங்களுக்காக வந்த வழக்கில், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். நம் கணக்கில் ரெண்டு முழத்துக்குக் கொஞ்சம் கூட.

அந்த இடத்தைத்தான் எங்கள் புங்கமரத்துக்கு விட்டோம். கல்லை விலக்கி, மண்ணைக் கொத்தி, வேருக்கு வெளியே சரிவாகப் பாதையைத் திரும்பப் பதித்தோம். போன சித்திரையில் பொரி இறைத்த மாதிரி அந்த மண் முழுக்கப் பூ. அம்மா இப்போது தினமும் காலையில் அரிசி களைந்த தண்ணீரைக் கொண்டுபோய் அங்கே ஊற்றுகிறார். வலது கையால்தான் ஊற்றுகிறார், நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.