பளபளக்கும் பழைய கத்தி

நேயர்களுக்கு வணக்கம். பழைய அமெரிக்க வேட்டைக் கத்திகளைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் ஏமாறுவது பளபளப்பில்தான். எண்பது வருஷத்துக் கத்தி கண்ணாடி மாதிரி மின்னினால் சந்தேகப்படுங்கள். யாரோ அதைப் பஃபிங் சக்கரத்தில், அதாவது மெருகேற்றும் சக்கரத்தில், பிடித்திருக்கிறார்கள். துருவோடு சேர்ந்து விலையும் போயிருக்கும்.

மிச்சிகன் மாநிலம், கிளாட்ஸ்டன் ஊரில் செய்த மார்பிள்ஸ் கத்தியை எடுத்துக்கொள்வோம். பிடியை ஒட்டி அலகில் பெயர் அச்சாகியிருக்கும். எழுத்து ஆழமாக, ஓரம் கூராக இருக்கவேண்டும். பாதி எழுத்து மங்கியிருந்தால் சக்கரம் பட்ட கத்தி. அலகின் பக்கவாட்டில் பள்ளம் ஓடினால் அதன் விளிம்பை விரலால் தடவுங்கள். விளிம்பு விரலில் தட்டவேண்டும், வழுக்கிக்கொண்டு போகக்கூடாது.

அப்புறம் உறையில் செருகிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால், தீட்டித் தீட்டி அலகு குறுகியிருக்கும்; இல்லையென்றால் அந்த உறை வேறு கத்தியுடையது. பிடி, தோல் வில்லைகளை அடுக்கி இறுக்கியதா? மெல்லத் திருகுங்கள். தோல் காய்ந்து சுருங்கியிருந்தால் அசையும்.

மடக்குக் கத்தியில் கேஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கணக்கு ருசியானது. 1965-இல் 'கேஸ் எக்ஸ்எக்ஸ்' முத்திரையோடு 'யு.எஸ்.ஏ.' சேர்ந்தது. 1970-இல் அதன் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தார்கள். வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஆறு புள்ளி என்றால் 1974. 'யு.எஸ்.ஏ.' இருந்து புள்ளியே இல்லையென்றால் 1965-க்கும் 69-க்கும் நடுவில். வில்லங்கம் அங்கேதான்: புள்ளிகளைத் தேய்த்து எடுத்துவிட்டால் கத்திக்குச் சில வயது கூடிவிடும். முத்திரைக்குக் கீழே இரும்பு சற்றுக் குழிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், சுற்றியுள்ள இரும்பையும் பாருங்கள்.

வாங்கியபின் என்ன செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள், ஏறக்குறைய. கருஞ்சாம்பல் படலம் துரு இல்லை, அப்படியே விடுங்கள். செந்துரு மட்டும் எதிரி. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஊறவைத்து, துணியால் துடைக்கலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துவிடும்.

கத்தியை உறைக்குள் வைத்துச் சேமிக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பிடிக்கும் அலகுக்கும் நடுவே விரலைக் காக்கும் பித்தளைத் தடுப்பில், தோலிலுள்ள கொழுப்பு பட்டுப் பச்சை ஏறும். உறை தனி, கத்தி தனி. செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் பிடி போட்ட கத்தி இருந்தால் அதையும் தனியாக வையுங்கள். அந்தப் பிடி சிதையும்போது வரும் அமில ஆவி பக்கத்துக் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும்.

நேரம் நெருங்குகிறது, சட்டம் பற்றிச் சுருக்கமாக. பழைய கொம்புப் பிடிகளில் பல இந்திய மிளா, அதாவது கடமான், கொம்பு. அவை இந்திய வனவிலங்குச் சட்டத்தில் சிக்கலாம். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு இந்திய ஆயுத விதிகளுக்குள் வரும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.