அம்மை கண்ட வீட்டு வழக்கங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில், நம் தெருக்களில் ஏதாவது ஒரு வீட்டு நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகப்பட்டிருப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்த உடனே, யாரும் சொல்லாமலேயே, அந்த வீட்டில் அம்மை கண்டிருக்கிறது என்றும், உள்ளே போகாமல் வாசலிலிருந்தே விசாரித்துவிட்டு நகர வேண்டும் என்றும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அரசு மருத்துவமனைகளில் குழந்தை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, பணிக்காலம் முழுவதும் மனத்தை விட்டு அகலாமல் இருந்த பொருள் இந்த வேப்பிலைக் கொத்துதான். நம்முடைய நம்பிக்கை ஒரு நோயை எந்த இடத்தில் தடுக்கிறது, எந்த இடத்தில் அதற்கு வழி விடுகிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அம்மை கண்ட வீட்டு வழக்கங்களை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் மருத்துவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த வழக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். அம்மை கண்டவரைத் தனியாகப் படுக்க வைக்கிறோம். அவருக்கென்று தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிறோம். அந்த வீட்டுக்கு விருந்தினர் வருவதில்லை, அந்த வீட்டார் விசேஷங்களுக்குப் போவதில்லை. மருத்துவம் தனிமைப்படுத்துதல் என்று சொல்லும் காரியத்தைத்தான் நம் பாட்டிமார்கள் அம்மனின் பெயரால் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கிறார்கள். வீட்டில் தாளிக்கக் கூடாது என்கிறார்கள். மிளகாய் நெடி ஏறாத வீட்டில், இருமிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு மூச்சு விடுவது எளிதாகிறது. இளநீர், மோர், பானகம், கூழ் கொடுக்கிறார்கள். காய்ச்சலில் வறண்டு போகும் உடம்புக்கு நீர் கிடைக்கிறது. அரிக்கும் இடத்தை நகத்தால் சொறிய விடாமல் வேப்பங்கொத்தால் வருடிவிடுகிறார்கள். நகம் பட்டு முத்து உடைந்து சீழ் பிடிக்கும் ஆபத்து அதனால் குறைகிறது.

பருவத்தைக் கூட அந்த நம்பிக்கை கவனித்து வைத்திருக்கிறது. சமயபுரத்தில் மாசிக் கடைசியில் தொடங்கி 28 நாட்கள் அம்மனே பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக ஐதீகம். அந்த நாட்களில் நைவேத்தியமாகப் படைக்கப்படுபவை துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும். தட்டம்மையும் சின்னம்மையும் நம் நாட்டில் அதிகம் பரவும் காலமும் பனி விலகி வெயில் ஏறும் அந்த மாதங்கள்தான்.

இத்தனை நல்லவை இருந்தும், அம்மை கண்ட வீட்டில் குழந்தைகள் ஏன் இறந்தார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நான் இத்தனை ஆண்டுகள் செலவிட்டேன்.

முதல் காரணம், எல்லா அம்மையையும் நாம் ஒரே அம்மையாகப் பார்ப்பது. சின்னம்மை என்பது நீர் கோத்த முத்துகளோடு வருவது; ஆரோக்கியமான குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது ஒரு வாரம் பத்து நாட்களில் தானாகவே இறங்கிவிடும். மணல்வாரி என்று பல ஊர்களில் அழைக்கப்படும் தட்டம்மை அப்படிப்பட்டதல்ல. அதில் முத்து கிடையாது. மூன்று நான்கு நாட்கள் கடும் காய்ச்சலும் இருமலும் சளியும் சிவந்த கண்களும் இருந்த பிறகு, காதுக்குப் பின்னாலும் முகத்திலும் மணலைத் தூவியது போலச் சிவந்த தடிப்புகள் தோன்றி உடம்பெல்லாம் இறங்கும். தட்டம்மை நோய் எதிர்ப்பாற்றலையே தாக்குகிறது. அதனால் நுரையீரலில் சளிக்காய்ச்சல் வருகிறது, வயிற்றுப்போக்கு வருகிறது, காதில் சீழ் வருகிறது, சில குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலும் வருகிறது. 1963இல் தடுப்பூசி வருவதற்கு முன்பு, உலகில் ஆண்டுதோறும் சுமார் 26 லட்சம் பேர் தட்டம்மையால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மீண்டும் சொல்கிறேன்: சின்னம்மை வேறு, தட்டம்மை வேறு. இரண்டுக்கும் வாசலில் கட்டுவது ஒரே வேப்பிலை என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

இரண்டாவது காரணம், வேப்பிலை வாசலுக்கு வரும் நேரம். தடிப்பு தெரிந்த பிறகுதான் வீட்டாருக்கு அம்மை என்று தெரியும், அதன் பிறகுதான் கதவு சாத்தப்படும். தட்டம்மையோ தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாட்கள் முன்னதாகவே பரவத் தொடங்கிவிடுகிறது. வெறும் இருமல், சளி என்று நினைத்துக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிய நாட்களிலேயே அது வகுப்பறை முழுவதும் போய்ச் சேர்ந்திருக்கும். நோயுள்ள குழந்தை எழுந்து போன அறையின் காற்றில் அந்தக் கிருமி இரண்டு மணி நேரம் வரை தங்கியிருக்கும். ஆகவே நம் வழக்கத்தின் தனிமைப்படுத்தல் எவ்வளவு கண்டிப்பானதாக இருந்தாலும், தட்டம்மையைப் பொறுத்தவரை அது தாமதமாகவே வந்து சேர்கிறது.

மூன்றாவது காரணம்தான் மிகவும் கொடியது. கதவு விருந்தினருக்கு மட்டும் சாத்தப்படுவதில்லை, மருந்துக்கும் சாத்தப்படுகிறது. “ஆத்தா வந்திருக்கும்போது ஊசி போடக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது” என்பது எழுதப்படாத சட்டமாக இருக்கிறது. கூடவே, பால் கூடாது, முட்டை கூடாது, எண்ணெய் கூடாது என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் வாரக்கணக்கில் பத்தியம் நீள்கிறது. ஏற்கெனவே இளைத்த குழந்தை இன்னும் இளைக்கிறது. தட்டம்மை உடம்பில் இருக்கும் வைட்டமின் ஏ சத்தை வேகமாகக் கரைத்துவிடும். பத்தியம் அதை மீண்டும் சேர விடுவதில்லை. கருவிழி வறண்டு, புண்ணாகி, பார்வை போவது இப்படித்தான்.

இந்த இடத்தில் ஒரு பாட்டியைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். நான் எங்கே பேசப் போனாலும் அவரைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை.

தென் மாவட்டக் கிராமம் ஒன்றில் தட்டம்மை பரவியிருந்தது. ஒரு வீட்டில் இரண்டு வயதுப் பேரன் படுத்திருந்தான். அந்த வீட்டுப் பாட்டி வாசலில் அமர்ந்து யாரையும் உள்ளே விடவில்லை. என்னைப் போன்ற மருத்துவர்கள் போய்ப் பேசினால் அவர் முகத்தைக்கூடத் திருப்ப மாட்டார். எங்கள் கிராம சுகாதார செவிலியர், பல ஆண்டுகள் அந்த ஊரிலேயே பிரசவம் பார்த்தவர், காலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணைக்குக் கீழேயே நின்று, “ஊசி எதுவும் கொண்டு வரல ஆத்தா, சொட்டு மருந்து மட்டுந்தான்” என்று சொன்னார். பாட்டி முதலில் கேட்ட கேள்வி, “சூடா, குளிர்ச்சியா?” என்பதுதான். செவிலியர் சற்றும் தயங்காமல், “கீரையில இருக்கிற சத்து ஆத்தா, கண்ணுக்கு நல்லது, உடம்பைச் சூடாக்காது” என்றார். பாட்டி வெகு நேரம் யோசித்தார். பிறகு, “நீ உள்ள வரக் கூடாது, எங்கிட்டக் குடு, நானே ஊட்டுறேன்” என்றார். செவிலியர் அளவை அளந்து கரண்டியில் ஊற்றிக் கொடுக்க, பாட்டி அதை வேப்பிலைக் கொத்தின் அருகே ஒரு கணம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, பேரனின் வாயில் தன் கையாலேயே ஊற்றினார். மறுநாளும் அதே நேரத்துக்குச் செவிலியர் போனார், மறுநாளும் பாட்டியே ஊட்டினார். அதன் பிறகு அந்தத் தெருவில் அம்மை கண்ட மற்ற வீடுகளுக்குச் செவிலியரை அழைத்துக்கொண்டு போனவரும் அந்தப் பாட்டிதான். ஒரு வீட்டில் மூச்சு வாங்கிய பெண் குழந்தையை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பும்படி அந்த வீட்டாரை அதட்டியவரும் அவர்தான். அந்த அதட்டலை நாங்கள் யாரும் செய்திருந்தால் பலித்திருக்காது.

அந்தச் செவிலியர் கண்டுகொண்டதை நான் பிறகு ஒவ்வொரு பயிற்சி மருத்துவருக்கும் சொல்லி வந்திருக்கிறேன். வழக்கத்தின் தடை ஊசிக்குத்தான். வாய்வழிச் சொட்டு மருந்துக்குத் தடை இல்லை. தட்டம்மை கண்ட குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதும் அதைத்தான்: வயதுக்கு ஏற்ற அளவில் வைட்டமின் ஏ, அடுத்தடுத்த இரண்டு நாட்களுக்கு இரண்டு முறை, வாய் வழியாக. அளவைச் சுகாதாரப் பணியாளர்தான் தீர்மானிக்க வேண்டும். கடையில் வாங்கி நாமாகக் கொடுத்தால் அளவு மீறிப்போகும். ஆனால் ஊட்டுகிற கை பாட்டியின் கையாகவே இருக்கலாம்.

இந்தச் சத்தின் வலிமையைக் காட்டிய பெரிய ஆய்வுகளில் ஒன்று நம்முடைய திருச்சி மாவட்டத்திலேயே நடந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட 15,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து ஓராண்டு நடத்திய அந்த ஆய்வு 1990இல் வெளியானது. வாரந்தோறும் சிறிய அளவில் வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளில் இறப்பு, அது பெறாத குழந்தைகளோடு ஒப்பிட்டால், பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. பச்சைப் பட்டினி இருக்கும் அம்மனின் மாவட்டமும் அதுவே என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

இனி ஊசிக்கு வருகிறேன். தெருவில் அம்மை இருக்கும்போது அந்தத் தெருக் குழந்தைகள் எவருக்கும் தடுப்பூசி போடக் கூடாது என்று பல ஊர்களில் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையை மட்டும் கைவிடும்படி உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். தட்டம்மை கண்ட குழந்தையோடு பழகிய மற்றொரு குழந்தைக்கு, பழகிய 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால், நோய் வராமலே தடுக்க வாய்ப்பிருக்கிறது. வந்தாலும் தணிவாக வரக்கூடும். அதாவது, ஊசி போடக் கூடாது என்று நாம் ஒதுக்கும் அந்த மூன்று நாட்களில்தான் அந்த ஊசிக்கு அதிகப் பலன் இருக்கிறது. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்: தட்டம்மை ரூபெல்லா ஊசி ஒன்பது மாதம் முடிந்தவுடன் ஒன்று, பதினாறாம் மாதத்திலிருந்து இருபத்து நான்காம் மாதத்துக்குள் ஒன்று. இரண்டும் போட்ட குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 97 பேருக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளாவது இரண்டும் போட்டிருந்தால்தான், ஊசி போட முடியாத கைக்குழந்தைகளுக்கும் அந்த ஊரில் காப்பு இருக்கும்.

ஊசி போட்டால் அம்மன் கோபிப்பாள் என்று அஞ்சும் தாய்மார்களுக்குப் பெரியம்மையை நினைவூட்டுகிறேன். வைசூரி என்று நம் முன்னோர் நடுங்கிய அந்த நோய் 1975க்குப் பிறகு நம் நாட்டில் யாருக்கும் வரவில்லை. 1980இல் உலகை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. நோய் கண்ட வீட்டைத் தேடிப் பிடித்து, அந்த வீட்டைச் சுற்றியிருந்தவர்கள் அனைவருக்கும் அம்மை குத்தியதால்தான் அது ஒழிந்தது. அம்மை குத்திய தழும்போடுதான் நம் வீட்டுப் பெரியவர்கள் அம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தார்கள், கூழ் ஊற்றினார்கள். அந்த பக்தியில் எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

2017 பிப்ரவரியில் பள்ளிகளில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வதந்திகள் பரவி, பெற்றோர் தயங்கி, முகாமின் காலத்தையே நீட்டிக்க வேண்டியிருந்தது. அதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். அது கோயில் நம்பிக்கையிலிருந்து வந்த தயக்கம் அல்ல, கைப்பேசியிலிருந்து வந்த தயக்கம் என்பதை மட்டும் சொல்லிக் கடக்கிறேன்.

மீதமுள்ள நேரத்தில் இரண்டு செய்திகள். அம்மை கண்ட வீட்டுக்கு யார் வரக் கூடாது என்ற பட்டியலில் கர்ப்பிணிகளை முதலில் வையுங்கள். சின்னம்மை அவர்களுக்கும் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் ஆபத்தானது. பெரியவர்களுக்குச் சின்னம்மை கண்டாலும் அலட்சியம் வேண்டாம். முத்து தோன்றிய முதல் நாளிலேயே மருத்துவரைப் பார்த்தால் கொடுப்பதற்கு மாத்திரை இருக்கிறது.

இரண்டாவது, அக்கி. சின்னம்மைக் கிருமியே பல ஆண்டுகள் நரம்பில் உறங்கிக் கிடந்து அக்கியாக எழுகிறது. காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்ள நினைப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் 72 மணி நேரத்துக்குள் மாத்திரையையும் தொடங்கிவிடுங்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி கண்டால், வேறு எங்கும் போவதற்கு முன் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். வணக்கம்.