வளவுக்குள் இறங்கும் வெளிச்சம்

(காரைக்குடியில் புகைப்பட ஆர்வலர்கள் கூடிய ஓர் இரவு விருந்தில் ஆடை ஒளிப்படக் கலைஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும், கேமராவைத் தோளில் மாட்டியபடியே விருந்துக்கு வந்திருக்கும் இளைய நண்பர்களுக்கும் என் வணக்கம். இலை போடுவதற்கு முன் பேச்சை முடித்துவிட வேண்டும் என்று அமைப்பாளர்கள் அன்போடு எச்சரித்திருக்கிறார்கள். வெள்ளைப் பணியாரத்தையும் காரச் சட்னியையும் காக்க வைத்துவிட்டுப் பேசும் துணிச்சல் எனக்கும் இல்லை.

ஃபேஷன் போட்டோகிராபி பற்றிப் பொதுவாகப் பேசச் சொன்னார்கள். அந்தப் பெரிய தலைப்பைச் சுருக்கி, செட்டிநாட்டு வீடு ஒன்றில், இப்பகுதியின் பருத்திச் சேலையான கண்டாங்கியை எவ்வாறு படமெடுப்பது என்பதைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் பள்ளத்தூரிலும் இன்று எடுக்கப்படும் படங்கள் ஏராளம்; அவற்றில் பெரும்பாலானவை வீட்டின் படங்களாக இருக்கின்றனவே தவிர, அந்த வீட்டில் நிற்கும் பெண் உடுத்தியிருக்கும் துணியின் படங்களாக இல்லை. தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல், வண்ணக் கண்ணாடி, செதுக்கிய நிலைக்கதவு ஆகிய அனைத்தும், மிக அகலமான காட்சியைப் பிடிக்கும் 16 மில்லிமீட்டர் லென்ஸில் அடைபட்டு, நடுவில் சேலை ஒரு நிறத் திட்டாக மட்டும் மிஞ்சிவிடுகிறது. ஆடைப் படம் எடுப்பவருக்கு வீட்டை அலங்காரமாகப் பார்க்கும் பழக்கத்தைவிட, வீட்டை விளக்காகப் பார்க்கும் பழக்கமே அதிகம் பயன்படும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

இந்தத் தொழிலின் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. பாரிஸில் போல் புவாரே என்ற தையற்கலைஞரின் உடைகளை எட்வர்ட் ஸ்டைக்கன் 1911ஆம் ஆண்டு எடுத்த படங்களை, நவீன ஆடை ஒளிப்படத்தின் தொடக்கம் என்று பலரும் கருதுகிறார்கள். 1933இல் மார்ட்டின் முன்காச்சி, ஹார்ப்பர்ஸ் பஜார் இதழுக்காக ஒரு மாடலைக் கடற்கரையில் ஓடவிட்டுப் படமெடுத்தார். அதுவரை சிலைபோல் நின்ற ஆடை அப்போது காற்றில் அசையத் தொடங்கியது. நம் பேச்சுக்கு நெருக்கமானவர் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் இர்விங் பென். 1948இல் பெரு நாட்டின் குஸ்கோ நகரத்தில், ஊர்க்காரர் ஒருவரின் பழைய ஸ்டுடியோவை வாடகைக்குப் பிடித்து, அங்கே வந்த இயற்கை வெளிச்சத்தை மட்டும் கொண்டு அவ்வூர் மக்களைப் படமெடுத்தார். 1950இல் பாரிஸில் உயர்ந்த ஆடை வகைகளை எடுத்தபோதும், ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் வடக்கிலிருந்து வந்த பகல் வெளிச்சமும், பின்னால் தொங்கவிட்ட பழைய நாடகத் திரைச்சீலையும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. பென் வாடகை கொடுத்துத் தேடிய அந்த வெளிச்சம் உங்கள் பங்காளி வீடுகளில் பூட்டிக் கிடக்கிறது.

நம் பக்கத்திலும் கேமரா புதிதன்று. லின்னியஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1858இல் மதுரையையும் புதுக்கோட்டைப் பகுதியையும் மெழுகேற்றிய காகித நெகட்டிவில் பதிவு செய்தார். 1940களில் ஏ.வி.எம். ஸ்டுடியோ இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் இயங்கியது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டு முகப்பில் வரிசையாக மாட்டியிருக்கும் மூதாதையர் படங்களை ஒருமுறை கீழே இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள். நல்ல படமாக இருந்தால் ஆச்சியின் சேலைக் கரையில் எத்தனை கோடு என்று எண்ணிவிடலாம். இன்றைய படங்கள் பலவற்றில் அதைச் செய்ய முடிவதில்லை.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். முகப்பைக் கடந்து உள்ளே நுழைந்ததும் வளவு, அதன் நடுவே வானம் பார்த்த முற்றம், நான்கு பக்கமும் தாழ்வாரம் என்ற அமைப்பு உங்களுக்குக் கைரேகை போலத் தெரிந்தது. புதிதாக வருபவர் செய்யும் முதல் வேலை, மாடலை முற்றத்தின் நடுவில் நிறுத்துவது. அங்கே வெளிச்சம் நேர்மேலிருந்து விழுவதால் நெற்றி வெளுத்து, கண்குழிகள் இருண்டு, மூக்கின் நிழல் உதட்டில் இறங்கும். சேலையின் தோள் மட்டும் பளிச்சிட, கொசுவம் முழுவதும் இருளில் போய்விடும். அதே பெண்ணைத் தாழ்வாரத்துக்குள் இரண்டு தப்படி பின்னே நகர்த்தி, முற்றத்தைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். தலைக்கு மேல் இருக்கும் கூரை நேர்வெளிச்சத்தை மறைத்துவிடும். எதிரே சாய்வாக வரும் வெளிச்சம் மட்டும் முகத்திலும் துணியிலும் விழும். விளக்கின் ஒளியை மென்மையாக்க அதன்மேல் மாட்டும் பெட்டியான சாஃப்ட்பாக்ஸ், கடையில் விற்கும் எதுவும் அந்த அளவுக்குப் பெரியதாக இருக்காது. சிறிய விளக்கின் ஒளி, தூரம் இரட்டிக்கும்போது நான்கில் ஒரு பங்காகக் குறையும். முற்றம் போன்ற அகன்ற திறப்பின் ஒளி அருகில் அவ்வளவு வேகமாகக் குறையாது, தள்ளிப் போகப் போகத்தான் அந்தக் கணக்கை நெருங்கும். ஆகவே தலைக்கும் பாதத்துக்கும் ஏறத்தாழ ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கும். முழு உயரப் படத்துக்கு அது பெரிய வசதி.

எந்தத் தாழ்வாரம் என்று கேட்டால், பதில் மாதத்தைப் பொறுத்தது. காரைக்குடி ஏறக்குறைய 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் இறுதியில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 33 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது வெயில் முற்றத்தின் வடபுறத்தில் விழும், தென்புறத் தாழ்வாரம் நிழலில் இருக்கும். மாடலைத் தென்புற நிழலில் நிறுத்தி வடக்குப் பார்க்கச் சொன்னால், வெயில் பட்ட எதிர்ப்பக்கச் சுண்ணாம்புச் சுவர் முழுவதுமே ஒளியைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டராக வேலை செய்யும். நீங்கள் தெற்கு நோக்கிப் படமெடுப்பதால் லென்ஸுக்குள் நேர்வெளிச்சம் புகாமல் மறைக்கும் ஹுட் மாட்டிக்கொள்வது நல்லது. ஜூன் மாதத்தில் சூரியன் உச்சியிலிருந்து 13 பாகை வடக்கே போய்விடுவதால் கணக்கு தலைகீழாகும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகலில் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல் நிற்கும். வெயில் முற்றத்துத் தரையில் விழுந்து கீழிருந்து மேலே எழும்பித் தாடையை ஒளியூட்டும். அந்த வெளிச்சம் கூத்து மேடைக்குப் பொருந்தும், சேலைக்குப் பொருந்தாது. அந்த நாட்களில் காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துக்கொண்டு பலகாரம் சாப்பிடப் போய்விடலாம்.

தூண்களைப் பற்றி ஒரு சொல். பர்மாத் தேக்கின் கரிய தூண் ஒளியை விழுங்கும். மாடலின் ஒரு பக்கத்தில், சட்டகத்துக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில் அப்படியொரு தூண் இருந்தால் அந்தப் பக்கக் கன்னமும் இடுப்புக் கோடும் தெளிவாக இறங்கி நிற்கும். நகரத்து ஸ்டுடியோவில் இதே விளைவுக்காகக் கறுப்புத் துணி கட்டிய பலகையை நிறுத்துகிறோம். மறுபக்கம் வெளிச்சம் குறைந்தால் தெர்மாகோல் தேடி ஓட வேண்டாம். வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டாக மடித்துக் கொடியில் போட்டாலே போதும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இன்னொரு வேட்டி தேவைப்படும். சிமென்டும் மணலும் நிறப்பொடியும் சேர்த்து, கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து, சூளையில் வைக்காமல் நீரில் பதப்படுத்தும் கல் அது. கண்ணாடியின் வழவழப்பு அதன் முகத்திலேயே தங்கிவிடுவதால், மேலே விழும் ஒளியைத் தன் நிறத்தோடு திருப்பி அனுப்பும். பச்சைக் கல்லின் மேல் நிற்பவரின் கழுத்தடியில் பச்சை படரும். படம் முழுவதற்குமான நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எவ்வளவு திருகினாலும் அது போகாது, ஏனென்றால் முகத்தின் மேற்பகுதிக்கு ஒரு நிற ஒளியும் கீழ்ப்பகுதிக்கு வேறொரு நிற ஒளியும் விழுகின்றன. சட்டகத்துக்கு வெளியே தரையில் வேட்டியை விரிப்பதுதான் மருந்து.

கேமராவை எங்கே வைப்பது என்பதிலும் வீடு உதவுகிறது. முழு உயர ஆடைப் படத்துக்கு லென்ஸ் இடுப்பு உயரத்தில் இருந்தால்தான் உருவத்தின் அளவுகள் சிதையாமல் இருக்கும். கண் உயரத்திலிருந்து எடுத்தால் கால்கள் குறுகிவிடும். தாழ்வாரம் முற்றத்தைவிட உயர்ந்திருப்பதால், முற்றத்துக்குள் இறங்கி நின்றாலே கேமரா வேண்டிய உயரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். முழுச் சட்டக சென்சாரும் (பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவு கொண்டது) 85 மில்லிமீட்டர் லென்ஸும் இருந்தால் ஆளை முழுதாக எடுக்க ஏறக்குறைய 5 மீட்டர் இடைவெளி வேண்டும், 50 மில்லிமீட்டருக்கு 3 மீட்டர் போதும். பெரிய வளவில் இரண்டுக்கும் இடம் உண்டு. 16 மில்லிமீட்டரைப் பையிலேயே வைத்திருங்கள்.

இப்போது துணிக்கு வருகிறேன்; எனக்கு அதிகம் பேசப் பிடித்த பகுதி இதுதான். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பருத்தியில் நெய்தது, கட்டமும் கோடும் கொண்டது, அரக்கும் மஞ்சளும் கறுப்புமாக அடர்ந்த நிறங்களை உடையது. பட்டையும் பருத்தியையும் ஒரே மாதிரி ஒளியூட்டுபவர்கள் இருக்கிறார்கள். பட்டு ஒளியைத் திசையோடு திருப்பி அனுப்பும். அதற்கு அகன்ற, மென்மையான வெளிச்சம் வேண்டும், இல்லையென்றால் மடிப்பு ஒவ்வொன்றிலும் வெள்ளைக் கீற்று விழும். பருத்தி ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். முன்னாலிருந்து மென்மையான ஒளி மட்டும் விழுந்தால் நூலின் முறுக்கும் நெசவின் மேடுபள்ளமும் மறைந்து அச்சடித்த காகிதம்போல் ஆகிவிடும். அதற்குப் பக்கவாட்டிலிருந்து துணியை உரசிக்கொண்டு போகும் வெளிச்சம் தேவை. மாடலைத் தாழ்வாரத்தின் மூலைக்கு நகர்த்தி, முற்றம் தோளுக்குப் பக்கவாட்டில் வருமாறு திருப்பினால் அது கிடைக்கும்.

கட்டத்தில் ஒரு தொல்லை உண்டு. துணியின் நெருக்கமான கோடுகளும் சென்சாரின் புள்ளி வரிசையும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்போது, துணியில் இல்லாத வளைந்த வண்ண அலைகள் படத்தில் தோன்றும், முவாரே என்பார்கள். கணினியில் அதை நீக்க முயன்றால் கட்டத்தின் நிறமும் சேர்ந்து மங்கும். எடுக்கும்போதே ஒரு தப்படி முன்னோ பின்னோ நகர்ந்தால், அல்லது கேமராவைச் சிறிது சாய்த்தால், பெரும்பாலும் மறைந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் லென்ஸின் ஒளித்துளையான அப்பர்ச்சரை எஃப் 16க்குக் குறுக்குங்கள் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்). சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் நுண்விவரம் லேசாக மழுங்கி அலைகள் அடங்கும். பின்திரையின் சிறிய படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், முழு அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள், ஏனென்றால் சுருக்கிக் காட்டும்போது திரையே பொய்யான அலைகளைக் காட்டும். அரக்கு நிறத்துக்கு வேறு எச்சரிக்கை: வெளிச்சத்தின் அளவை வரைபடமாகக் காட்டுவது ஹிஸ்டோகிராம்; மூன்று நிறங்களையும் கூட்டிக் காட்டும் ஹிஸ்டோகிராம் ஒழுங்காக இருக்கும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, மடிப்புகள் அழிந்து, சேலை தட்டையான ஒரே சிவப்பாகிவிடும். தனித்தனி நிற ஹிஸ்டோகிராமைப் பார்த்து, சிவப்பு வரைபடத்தின் வலது விளிம்பைத் தொடாத அளவுக்கு எக்ஸ்போஷரை, அதாவது சென்சாரில் விழும் ஒளியின் அளவை, குறைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு கவனித்து எடுத்த நிறத்தின்மேல் இன்றைய வழக்கப்படி பழுப்பேறிய ஆரஞ்சு ஃபில்டர் ஒன்றைப் பூசுகிறவரிடம் நெசவாளர் சண்டைக்கு வந்தால், நான் நெசவாளர் பக்கம்தான் நிற்பேன்.

பின்கொசுவம் வைத்துக் கட்டும் சேலையின் அழகு பின்பக்கத்தில் இருக்கிறது. மாடல் எப்போதும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தால் அது வாசகருக்குத் தெரியப்போவதில்லை. முக்கால் பங்கு திரும்பி நிற்கச் சொல்லலாம், அல்லது நடக்கச் சொல்லலாம். நடந்தால் ஷட்டர் வேகம் நொடியில் 500இல் ஒரு பங்காகவோ அதைவிட விரைவாகவோ இருக்கட்டும். வீட்டில் பெல்ஜியம் கண்ணாடி இருந்தால் முன்னும் பின்னும் ஒரே படத்தில் வரும். கண்ணாடிக்குள் தெரியும் உருவத்தின் தூரம், கேமராவிலிருந்து கண்ணாடி வரையும் கண்ணாடியிலிருந்து ஆள் வரையும் உள்ள இரண்டையும் கூட்டியது என்பதை மறந்துவிட்டு எஃப் 2இல் எடுத்தால் இரண்டில் ஒன்று மங்கும். எஃப் 8 அல்லது 11 வேண்டும். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து மெருகேற்றிய பழைய சுவரின் பளபளப்பு இடையூறு செய்தால், சுவரோடு ஏறக்குறைய 35 பாகைச் சாய்வில் நின்று, லென்ஸின் முன் மாட்டிப் பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டரான போலரைசரைத் திருப்புங்கள், அடங்கிவிடும். கழுத்திரு போன்ற தங்க நகைக்குப் போலரைசர் பயன்படாது, உலோகத்தின் மினுக்கம் வேறு வகை. நகைக்கு எதிரே எது இருக்கிறதோ அதைத்தான் அது காட்டும், ஆகவே எதிரே வெள்ளையாக ஏதேனும் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, அனுமதி. இந்த வீடுகள் பலவற்றில் உரிமை பங்காளிகள் பலருக்கும் உண்டு. சாவி காவலரிடம் இருக்கிறது என்பதற்காக அவருடைய சம்மதம் குடும்பத்தின் சம்மதம் ஆகிவிடாது. சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், எந்த அறைக்குள் போகலாம், எங்கே விளக்குக் கம்பம் நிறுத்தலாம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சாமி அறைப் பக்கம் படப்பிடிப்புக்கு வேலை இல்லை. மாடலாக நிற்பவர் உங்கள் உறவுக்காரப் பெண்ணாகவே இருந்தாலும், படம் எங்கெல்லாம் வெளியாகும் என்பதைச் சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். படம் வெளியாகும்போது உங்கள் பெயருக்குப் பக்கத்தில் சேலை எந்த ஊரில், யார் கையால் நெய்யப்பட்டது என்பதும், அவர் விரும்பினால் அவருடைய பெயரும் இடம்பெற வேண்டும். ஒரு பிரதியை அச்செடுத்து நெசவாளர் கையில் கொடுங்கள். கட்டத்தின் அளவு சரியாக வந்திருக்கிறதா, அரக்கு அரக்காகவே இருக்கிறதா என்பதை உங்களுக்கும் எனக்கும் முன்னால் அவர் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்.