திரும்பி வந்தது எழுத்து மட்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

என் முதல் நாவலின் உரிமையை எனக்கே திருப்பித் தருவதாகப் பதிப்பகம் அனுப்பிய கடிதத்தில் மொத்தம் மூன்று வரிகள். அந்த மூன்று வரிகளுக்காக நான்கு ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். புத்தகம் எங்கும் கிடைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் என்னிடமிருந்த ஒற்றைப் பிரதியை நகலெடுத்துக் கொடுத்தேன். ஆனால் ஒப்பந்தத்தில் "நூல் அச்சில் இருக்கும் வரை" என்று ஒரு வரி இருந்தது. கிடங்கில் பத்துப் பிரதிகள் கிடந்தாலும் அச்சில் இருப்பதாகத்தான் பொருள் என்றார்கள்.

புதிதாக எழுத வந்திருப்பவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். ஒரே ஒரு பிரதியைக்கூடத் தேவைப்படும்போது அச்சிட்டுத் தர முடிகிற காலம் இது. மின்னூலும் இருக்கிறது. இனி எந்த நூலும் அச்சில் இல்லாமல் போகவே போகாது. ஓர் ஆண்டில் இத்தனை பிரதிகளுக்குக் கீழே விற்றால் உரிமை திரும்பும் என்று எண்ணிக்கையாக எழுதி வாங்குங்கள். எத்தனை ஆண்டுகளுக்குத் தருகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். காலம் குறிப்பிடாத உரிமை மாற்றத்தை ஐந்து ஆண்டுகளுக்கு உரியதாகவே இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு கொள்கிறது. அமெரிக்காவில், 1978 முதல் எழுத்தாளர் தாமே எழுதிக்கொடுத்த உரிமையை 35 ஆண்டுகள் கழித்து மீட்க வழியுண்டு. அதற்கும் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். அத்தனை காலம் ஒரு நூல் இருட்டில் கிடக்கலாமா?

சரி, உரிமை கைக்கு வந்தது. மறுநாள்தான் புரிந்தது, வந்தது எழுத்து மட்டும். பழைய அட்டை என்னுடையதல்ல. பக்கங்களைக் கோத்த கோப்பு என்னுடையதல்ல. நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணும் அந்தப் பதிப்பாளருக்கு உரியது. நாமே வெளியிட்டால் புதிய எண் வாங்க வேண்டும், மின்னூலுக்கு இன்னொன்று.

என்னிடம் இருந்தது பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்த கோப்பு. அதை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யுனிகோடுக்கு மாற்றியதும் "கொ" எல்லாம் கொம்பு முன்னே துருத்திக்கொண்டு உடைந்து நின்றன. அவற்றையாவது கண் பிடித்துவிடும். பிடிபடாதது வேறு. என் நாவலில் நில அளவையாளர் ஒருவர் அடிக்கடி ஒரு மரத்தடியில் ஒதுங்குவார். "மரம்" என்று தேடினேன், பாதி இடங்கள் வரவில்லை. வடிவம் ஒன்றுபோல் இருப்பதால், தட்டச்சு செய்தவர் பல இடங்களில் "ர" இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலைப் போட்டிருக்கிறார். பார்ப்பவருக்கு அது மரம், கணினிக்கு அது "மாம்". அச்சில் யாருக்கும் தெரியாது. மின்னூலில் தேடுகிற வாசகருக்கும், உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்ற வாசகருக்கும் அந்த மரம் இல்லவே இல்லை. குறுக்குவழி கிடையாது. பழைய பிரதியை இடப்பக்கம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். மூன்று மாதங்கள் ஆயின.

அப்படிப் படித்தபோது பெரிய சோதனை ஒன்று வந்தது. இருபத்தெட்டு வயதில் எழுதிய நாவல். பல வாக்கியங்கள் இப்போது நீளமாகத் தோன்றுகின்றன. எட்டாம் அத்தியாயத்தையே எடுத்துவிடலாம் என்று கை துடித்தது. எடுக்கவில்லை. அந்த அத்தியாயத்தை நேசித்தவர்கள் இருக்கிறார்கள், அதை எழுதியவனும் ஒருவன் இருந்தான். பிழைகளை மட்டும் திருத்துவது, நடையைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே கோடு போட்டுக்கொண்டேன். திருத்தியதைச் சொல்லிவிடுவதும் கடமை. அப்படியே அச்சடித்தால் மறு அச்சு, திருத்தினால் இரண்டாம் பதிப்பு. முதல் பதிப்பின் ஆண்டும் உரிமைப் பக்கத்தில் இருக்க வேண்டும். பழைய நூலைப் புதியது என்று எண்ணி ஒருவர் வாங்கிவிடக் கூடாது.

அட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய அட்டையில் அந்தி வானமும் ஒரு பெண்ணின் நிழலும் இருந்தன. நாவலில் அந்தியே வராது. புதிய வடிவமைப்பாளர் முதலில் நாவலைப் படித்தார். படித்துவிட்டு, "அந்த அளவைச் சங்கிலிக்கு எத்தனை கண்ணி?" என்று கேட்டார். நூறு கண்ணி, 66 அடி என்றேன். முன்னட்டையில் தொடங்கி, முதுகைத் தாண்டி, பின்னட்டை வரை ஓடும் ஒற்றைச் சங்கிலியை வரைந்து கொண்டுவந்தார். அட்டையில் வேறு எதுவும் இல்லை. கைபேசித் திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தோம், அப்போதும் சங்கிலி சங்கிலியாகவே தெரிந்தது. இன்று பலர் அட்டையை முதலில் பார்ப்பது அந்த அளவில்தான்.

ஆனால் மாதிரிப் பிரதியில் முதுகின் ஓரத்தில் ஒரு கண்ணி மடங்கிக் கிடந்தது. 240 பக்கம், அதாவது 16 பக்கங்கள் சேர்த்து அச்சிடும் பாரம் பதினைந்து; 120 தாள். தாளின் கனம் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்து 12 மில்லிமீட்டர் முதுகு போட்டிருந்தோம். அச்சகத்தில் 0.12 கனமுள்ள தாளுக்கு மாறியிருந்தார்கள். முதுகு 14.4 ஆகிவிட்டது. இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை, அதற்குள் சங்கிலி இடம் மாறிவிட்டது. தாள் முடிவாகாமல் அட்டையை முடிக்காதீர்கள். வடிவமைப்பாளர் முழுவதையும் மறுபடி வரைந்தார், ஒரு வார்த்தை சலித்துக்கொள்ளவில்லை. அவர் பெயரை உரிமைப் பக்கத்தில் என் பெயருக்கு இணையான அளவில் போட்டிருக்கிறேன்.

முதல் பதிப்பு வந்த காலத்தில் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் எனக்கு அஞ்சலட்டை எழுதியிருந்தார். 112ஆம் பக்கத்தில் சங்கிலியின் நீளத்தை 60 அடி என்று எழுதிவிட்டீர்களே, ஒரு வயலே தவறாகிப்போகுமே என்று வருந்தியிருந்தார். அந்த அஞ்சலட்டையை இத்தனை ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தேன். புதிய பதிப்பின் முதல் பிரதியை அவர் முகவரிக்கே அனுப்பினேன், 112ஆம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு தாள் வைத்து.